சிங்கப்பூருக்கு மாணவர் பயணம்: சாப்பாட்டு வேளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுச்சீட்டுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், குடை வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூருக்கு வரும் மாணவர் குழுக்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுவது வேறு இடத்தில், பெரும்பாலும் பசி எடுக்கும் நேரத்தில்.

இருபது பேரும் ஒன்றாகச் சாப்பிடப் போவது

ஆகப் பெரிய தவறு இதுதான். பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறமாட்டேன் என்கிறது. பகல் ஒரு மணிக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்குள் (சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்) இருபது பேர் நுழைகிறார்கள். சுற்றுவட்டார அலுவலகக் கூட்டம் மொத்தமும் அங்கே இருக்கிற நேரம். அடுத்தடுத்து இருபது இடம் தேடி இரண்டு சுற்று வருகிறார்கள், கிடைக்காது. பிறகு எல்லோருமாகப் பேர்பெற்ற ஒரே கோழிச்சோற்றுக் கடை வரிசையில் நிற்கிறார்கள். முக்கால் மணி நேரம் போனதும் பொறுப்பாசிரியர் பொறுமை இழந்து பக்கத்துக் குளிர்சாதன உணவகத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார்.

பணம் கரைவது அங்கேதான். அந்த உணவகங்களின் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது, அதையும் சேர்த்த தொகையின் மேல் போடும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் கட்ட வேண்டியது 119 வெள்ளி 90 காசு. உணவங்காடி நிலையத்தில் பலகையில் எழுதியிருப்பதுதான் விலை, அவ்வளவுதான்.

அங்கே ஒவ்வொரு கடைக்கும் தனி உரிமையாளர், தனி அடுப்பு; உள்ளே நிற்பது ஓரிருவர். சார் குவே தியா என்ற வறுத்த தட்டை நூடல்ஸை வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரட்டுவார்கள். வாணலியை நிறைத்தால் சூடு இறங்கிவிடும்; நூடல்ஸ் வறுபடாமல் நீர்விட்டுக் குழையும்; அந்தப் புகைமணம் வராது. ஒரே கடையில் இருபது தட்டு கேட்டால், முதல் ஆள் சாப்பிட்டு முடிக்கும்போதும் கடைசி ஆள் வரிசையில்தான் நிற்பார்.

நால்வர் நால்வராகப் பிரிந்துவிடுங்கள். பதினொன்றரைக்குள் போய்ச் சேருங்கள். காலையில் திறக்கும் கடைகள் பல, சரக்குத் தீர்ந்ததும் பிற்பகலிலேயே மூடிவிடும். ஒருவர் மேசையைப் பிடித்து உட்காரட்டும், மூவர் வெவ்வேறு கடைக்குப் போகட்டும்; அவர்கள் திரும்பியதும் மேசையில் இருந்தவர் நான்காவது கடைக்குப் போகட்டும். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ கிடந்தால் அது வேறொருவர் பிடித்த இடம், உட்காரக் கூடாது. நான்கு தட்டையும் நடுவில் வைத்துப் பகிர்ந்தால், தலைக்கு ஒரு தட்டுக் காசில் நான்கு ருசி கிடைக்கும். கையில் 2, 5, 10 வெள்ளித் தாள்கள் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்காத கடைகள் நிறைய.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது

கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். அரைத்துக் கலந்ததை எடுக்க முடியாது. கங்கோங் கீரையை வதக்கும் சம்பால் என்ற மிளகாய் விழுதில் இறால் விழுதும் இருக்கும். ரோஜாக் என்ற காய், பழக் கலவையின் கறுப்புச் சாறும் இறால் விழுதுதான். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடல்ஸின் குழம்பில் உலர்ந்த இறால். சார் குவே தியாவில் பல கடைகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கும். கேரட் கேக் என்று விற்பது வெள்ளை முள்ளங்கிக் களியை முட்டையோடு வறுத்தது. அதில் கேரட்டும் இல்லை, அது இனிப்பும் இல்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் இறால், மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். சீனச் சைவக் கடைகளும் பல நிலையங்களில் உண்டு. அங்கே முட்டையை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் தமிழிலேயே கேட்டுவிடலாம்.

எடை கேட்காமல் கடலுணவு

பலகையில் இருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. நண்டையோ இறாலையோ எடை போட்டு, மொத்தம் எத்தனை வெள்ளி என்று சொன்ன பிறகே சரி சொல்லுங்கள். 2009-இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளிடம் 8 புலி இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய கடை பெரிய செய்தியானது. அதிகாரிகள் அதைத் தற்காலிகமாக மூட வைத்தார்கள்.

சாப்பிட்ட தட்டை மேசையில் விடுவது

2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் இதற்குச் சட்டப்படி நடவடிக்கை உண்டு. முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அதற்குப் பிறகு அபராதம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் அடுக்கு தனியாக இருக்கும். பன்றி இறைச்சி இருந்த தட்டை அதில் வைத்துவிடாதீர்கள். அபராதத்தைவிட இதில்தான் கவனம் வேண்டும்.

எம்ஆர்டி ரயிலில் தண்ணீர் குடிப்பது

வெறும் தண்ணீரும் கூடாது. 500 வெள்ளி வரை அபராதம்.

ஏறும்போது ஃபோன், இறங்கும்போது அட்டை

ரயிலிலும் பேருந்திலும் கட்டணத்துக்கு ஃபோனையோ வங்கி அட்டையையோ இயந்திரத்தில் தட்டுவீர்கள்; இரண்டும் ஒரே கணக்கானாலும் இயந்திரத்துக்கு வேறு வேறு, கட்டணம் கூடிவிடும். ஆளுக்கு ஓர் அட்டை, அதையே கடைசிவரை தட்டுங்கள். பேருந்தில் இறங்கும்போதும்.

சாத்தேவுக்கு (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) வெயிலோடு போய் நிற்பது

லாவ் பா சாட் உணவங்காடி நிலையத்தை ஒட்டிய பூன் டாட் சாலையில் வார நாள்களில் வண்டிப் போக்குவரத்தைத் தடுத்த பிறகு, இரவு 7 மணிக்குத்தான் அடுப்பு புகையும்.

"ஒரு காப்பி" என்பது

வெறுமனே காப்பி என்றால் கட்டிப்பாலோடு தித்திப்பாக வரும். "ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் கடைசியில் "கோசோங்" சேர்த்துச் சொல்லுங்கள்.