மூடிய அலர்ட்டை எண்ணாதீர்கள்: சைபர் பாதுகாப்பு டீமை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ராமநாதபுரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தார். முன்பு என்னிடம் வேலை பார்த்தவர், இப்போது வேறோர் இடத்தில் 6 பேருக்கு லீட். "அண்ணே, நம்ம பசங்க எவ்வளவு வேகம்னு பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்து ஒரு ஷீட்டைக் காட்டினார். சந்தேகமாக ஏதாவது நடந்தால் கருவி எழுப்பும் எச்சரிக்கைதான் அலர்ட். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அன்று எத்தனை அலர்ட்டைப் பிரச்சினை இல்லை என்று மூடினார்கள் என்ற கணக்கு. அதிகம் மூடியவருக்குப் பச்சை, குறைந்தவருக்குச் சிவப்பு. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அதே ஷீட்டை, அதே நிறங்களோடு, நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன்.

பாஸ்வேர்டைப் பகிராதே, பேக்கப் எடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. லீட் ஆன பிறகு செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மூடிய அலர்ட்டை எண்ணுவது

எங்கள் வாடிக்கையாளர்களில் நண்டு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அங்கே கணக்குப் பார்ப்பவரின் மெயில் பெட்டியில் புதிதாக ஒரு விதி உருவானதாக அலர்ட் வந்தது. 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயில் எதுவும் அவர் கண்ணில் படாமல், யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த விதி. எங்கள் பையன் ஒரு நிமிஷத்துக்குள் அதை மூடிவிட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'யூசரே செய்தது' என்று எழுதியிருந்தார்.

யூசர் செய்யவில்லை. பாஸ்வேர்டைத் திருடியவன் உள்ளே உட்கார்ந்து, வெளிநாட்டு வாங்குபவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வாங்குபவருக்கு மெயில் போனது. அவர் சந்தேகப்பட்டு அனுப்பிய பதில் மெயில், கணக்கரின் பார்வைக்கே வராமல் அந்த ஃபோல்டரில் கிடந்தது. இரண்டு லோடு நண்டுக்கான பணம் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை.

அந்தப் பையனைக் கூப்பிட்டு ஏன் மூடினாய் என்று கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு 63 முடிச்சேன்" என்றார். நான் வைத்த இலக்கு 60. அந்த நாள் அவர் பெயர் பச்சையில் இருந்தது. அந்த 63க்குள்தான் இதுவும் இருந்தது.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, அந்தப் பையன் மேல் அல்ல. எண்ணிக்கையை இலக்காக வைத்தால் கெட்டிக்காரர்கள் எண்ணிக்கையைத்தான் கொடுப்பார்கள். ஓர் அலர்ட்டைத் துருவிப் பார்க்க அரை மணி நேரம் செலவழித்தவர் என் ஷீட்டில் சோம்பேறி. பார்க்காமலே மூடியவர் வீரர். ஆறு மாதம் நான் பயிற்சி கொடுத்தது அதற்குத்தான்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1 என்றால் கடலில் தூரத்தில் ஏதோ உருவாகிறது, 10 என்றால் பெரும் அபாயம். ஒரே நாளில் அந்தக் கூண்டை 200 தடவை ஏற்றி இறக்கினால் எந்த மீனவர் நிமிர்ந்து பார்ப்பார்? எங்கள் திரை அப்படித்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து அலசியபோது, தினம் வந்த அலர்ட்டில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பேக்கப் சர்வரிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு இரவு முழுக்க அது கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சரிசெய்யப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் என் கணக்கில் அதைச் சரிசெய்பவருக்கு மதிப்பெண் கிடையாது, தினமும் அதை மூடுபவருக்குத்தான் உண்டு. பிறகு யார் சரிசெய்வார்?

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோனபோது, அவர்களுடைய கருவி முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பாதுகாப்பு டீம் அதைப் பார்த்தும், உடனே கவனிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். திங்கட்கிழமை காலையில், போன வாரம் மூடியவற்றில் கண்ணை மூடிக்கொண்டு 10 அலர்ட்டை எடுத்து, எல்லாரும் சேர்ந்து மறுபடி படிக்கிறோம். யார் மூடினார் என்ற பெயரை மறைத்துவிடுவோம். வீணாகச் சத்தம் போடும் அலர்ட் விதியைத் திருத்தும் அதிகாரம், சேர்ந்து இரண்டே மாதமான பெண்ணுக்கும் உண்டு. ஒருவர் எழுதி இன்னொருவர் பார்த்தால் போதும், என்னிடம் வர வேண்டாம். மெயில் விதி சம்பந்தமான அலர்ட் என்றால் சம்பந்தப்பட்டவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்காமல் மூட முடியாது. மெயிலில் கேட்கக் கூடாது, அந்த மெயிலைத் திருடனும் படிப்பான்.

அந்தத் தம்பியிடம் ஷீட்டை அழிக்கச் சொல்லவில்லை. அதிகம் மூடியவர் மூடியதில் பத்தை எடுத்து என் எதிரிலேயே படிக்கச் சொன்னேன். நாலாவதிலேயே நிறுத்திவிட்டு யாருக்கோ போன் போட எழுந்து வெளியே போனார்.

'யார் செய்தது?' என்று முதலில் கேட்பது

கிளவுட் சர்வருக்குள் நுழையும் ரகசியச் சாவியைத் தவறுதலாகப் பொதுவெளியில் போட்டுவிட்ட ஒருவரை எல்லார் முன்னாலும் திட்டினேன். அடுத்த முறை அதே தவறைச் செய்தவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவுப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். பயந்துபோன ஆளை வைத்துக்கொண்டு அந்த 6 மணி நேரத்தில் எதுவும் நடக்காது. 'என்ன நடந்தது, இப்போது எதை நிறுத்த வேண்டும்?' என்று கேளுங்கள். மற்றதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

எல்லாச் சாவியும் ஒருவரிடம்

எல்லா சர்வரின் பாஸ்வேர்டும் வைத்திருக்கும் அந்த ஒருவருக்கும் கல்யாணம், காய்ச்சல் எல்லாம் வரும்.

சம்பவ நேரத்தில் கீபோர்டைப் பிடுங்குவது

கூடாது. நீங்கள் தட்ட ஆரம்பித்தால் வாடிக்கையாளரிடம் பேச ஆள் இருக்காது.

11ஆம் எண்ணை மறப்பது

கூண்டு வரிசையில் கடைசி எண் 11. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அந்த மௌனத்துக்கே ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் டாஷ்போர்டில் ஒரு சர்வரின் லாக், அதாவது அதில் நடப்பதைப் பதியும் குறிப்பு, நின்றுபோனால் எதுவும் சிவக்காது, எல்லாம் அமைதியாகத்தான் தெரியும். லாக் வராவிட்டால் கத்துகிற அலர்ட்டை முதலில் வையுங்கள். செர்ட்-இன்னின் அதே உத்தரவு 180 நாள் லாக் வைக்கச் சொல்கிறது. நின்றுபோனது தெரியாமலே இருந்துவிட்டால் எதை எடுத்துக் காட்டுவீர்கள்?

பராமரிப்புக்கு நாள் ஒதுக்காதது

எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடிப்பது அப்போதுதான். ஓடுகிற படகில் அதைச் செய்ய முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சர்வர் என்றால் 'நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்' என்கிறோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நிரல் 2017 மே 12 அன்று உலகத்தை முடக்கியது. அதைத் தடுக்கும் பேட்சை (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை) மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் பலர் போடவில்லை.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மைக்ரோசாஃப்ட் பேட்ச் வரும், நமக்கு அப்போது இரவு. மறுநாள் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். அன்று வாடிக்கையாளர் மீட்டிங் கேட்டால் வியாழக்கிழமை வரச் சொல்கிறோம்.