பெரிய கப்பல்ல நாலு ராத்திரி: முதல் பந்திக்கு ஓடாதீங்க

சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துட்டு அஞ்சாம் நாள் காலைல திரும்ப சிங்கப்பூர்லயே இறக்கிவிடுற நாலு ராத்திரி க்ரூஸ், நம்ம ஊர்லேருந்து முதல் தடவை கப்பல் ஏறுறவங்க நிறைய பேரு எடுக்கறது இதைத்தான். நானும் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு இதுலதான் போனேன். ராயல் கரீபியனோட குவாண்டம் வகை கப்பல். 348 மீட்டர் நீளம், பயணிகள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல, வேலை செய்யறவங்க இன்னொரு ஆயிரத்தைந்நூறு பேரு. அதாவது ஒரு சின்ன டவுனே மிதந்து போகுது. அதனால முதல்ல இதைக் கேட்டுக்கோங்க, கப்பல்ல எந்த வசதிக்கும் குறைச்சல் இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்குப் போறதுதான் பிரச்சினை. கல்யாண மண்டபத்துல முதல் பந்திக்கு நிக்கிற கூட்டம் மாதிரி. ரெண்டாம் பந்தில உக்காரத் தெரிஞ்சவனுக்கு அதே சாப்பாடு நிம்மதியா கிடைக்கும்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே விசா விஷயத்தைப் பாத்துடுங்க. இந்தியப் பாஸ்போர்ட்னா சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், ஏன்னா கப்பல் ஏறினா நீங்க சிங்கப்பூரை விட்டு வெளிய போயிட்டீங்க, திரும்பி வர்றது ரெண்டாவது நுழைவு. மலேசியா, தாய்லாந்து ரூல்ஸ் அப்பப்ப மாறுது, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவை, ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவை அரசாங்க சைட்லயே பாருங்க, ஏஜென்ட் சொன்னார்னு விட்டுடாதீங்க. சிங்கப்பூர் அரைவல் கார்டை, அதாவது உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்பற படிவத்தை, திரும்பி வர்றதுக்கும் போடணும், அதைக் கடைசி ராத்திரி கப்பல்ல உக்காந்து வைஃபை தேடித் தேடி போட்டவன் நான்.

ரூம் எது எடுக்கறதுங்கற கேள்விக்கு என் பதில், வயசானவங்க கூட வந்தா பால்கனி, இல்லைன்னா உள் ரூமே போதும். நீங்க தூங்கறதுக்கு மட்டும்தான் அங்க போவீங்க. ஆனா ரூம் எந்த இடத்துல இருக்குங்கறது ரொம்ப முக்கியம். கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல இருந்தா ஆட்டம் கம்மி. டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்துலயும் எது எங்க இருக்குன்னு காட்டற படம், எடுத்து உங்க ரூமுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க, மேலயும் ரூம் கீழயும் ரூம்னா நல்லது, மேல நீச்சல் குளமா இருந்தா விடியக்காலைல நாற்காலி இழுக்கற சத்தம், கீழ பாட்டு போடற இடமா இருந்தா நடுராத்திரி வரைக்கும் டம் டம். நாங்க எடுத்த ரூம் கப்பலோட பின்கோடி. அப்பாவுக்கு முட்டி வலி, தியேட்டரோ முன்கோடி. ஒரு ஷோவுக்குப் போயிட்டு வந்தா மூணாவது தெருவுக்கு நடந்துட்டு வந்த மாதிரின்னு சொல்லிட்டு மறுநாள் வரமாட்டேன்னுட்டார். லிஃப்ட்கிட்ட ரூம் கேளுங்க. நடக்கக் கஷ்டம்னா டெர்மினல்ல வீல்சேர் வேணும்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

ஏறுற நாள். மெரினா பே க்ரூஸ் சென்டர்லேருந்துதான் எங்க கப்பல் கிளம்பிச்சு, மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், பெட்டி அதிகம்னா டாக்ஸி. கப்பல் கம்பெனியோட ஆப்ல செக்கின் திறந்த அன்னிக்கே உள்ள போய் எத்தனை மணிக்கு வரீங்கன்னு ஸ்லாட் எடுத்துடுங்க. பெரிய பெட்டியை வாசல்லயே வாங்கிக்குவாங்க, அது ரூம் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் கூட ஆகும். அதனால மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சல் டிரெஸ் எல்லாம் கைப்பையில. சுகர் மாத்திரையைப் பெரிய பெட்டில போட்டுட்டு தவிச்ச ஒரு மாமாவை அங்க பாத்தேன். அயர்ன் பாக்ஸ், கெட்டில், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஸ்கேன்ல பிடிச்சா பெட்டியே ரூமுக்கு வராது, நீங்க போய் நின்னு வாங்கணும். கப்பல்ல நெருப்புதான் பெரிய பயம், அதான் அவ்ளோ கெடுபிடி. ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, காந்தம் வெச்ச கொக்கி நாலு. ரூம் சுவர் இரும்பு, ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் மாட்டிக்கலாம், அம்மா இதைப் பாத்துட்டு வீட்டுக்கும் வாங்கச் சொன்னாங்க.

உள்ள போனதும் எல்லாரும் நேரா மேல பஃபேக்கு ஓடுவாங்க. நீங்க ஓடாதீங்க. கீழ இருக்கற கஃபேல சாண்ட்விச், டீ சும்மாவே கிடைக்கும், இல்ல டைனிங் ரூம் திறந்திருக்கான்னு கேளுங்க. அந்த நேரத்துலயே மஸ்டர் ட்ரில்லையும் முடிச்சுடுங்க. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டா எங்க போய் நிக்கணும்னு சொல்லித்தர்றது அது. இப்ப வீடியோவை டிவிலயோ போன்லயோ பாத்துட்டு, உங்க இடத்துக்கு நேர்ல போய் கப்பல்ல குடுக்கற ரூம் கார்டைக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. இதை லேசா எடுத்துக்காதீங்க. 2012 ஜனவரில இத்தாலில கோஸ்டா கான்கார்டியா பாறைல மோதி சாஞ்சப்ப 32 பேரு செத்தாங்க, அன்னிக்கு ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு ட்ரில்லே நடந்திருக்கல. அதுக்கப்புறம்தான் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ ட்ரில் முடிச்சாகணும்னு ரூல் வந்துச்சு.

அடுத்து போன். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் ஏரோபிளேன் மோட்ல போடுங்க, மறந்துட்டா கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கை போன் தானா பிடிச்சுக்கும், பில் வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும். வைஃபை காசுக்குத்தான். ஒரு போனுக்கு எடுத்து மாத்தி மாத்தி யூஸ் பண்ணிக்கலாம், நாங்க அப்படித்தான் சமாளிச்சோம்.

காசுன்னதும் இன்னொண்ணு. டிக்கெட் விலை முழு விலை இல்ல. போர்ட் வரி தனி, டிப்ஸ் தனி, டிப்ஸ் மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அமெரிக்க டாலர்ல கிட்டத்தட்ட இருபது வரும், குழந்தைக்கும் உண்டு. உள்ள எல்லாம் அந்த ரூம் கார்டைத் தேய்க்கறதுதான், காசே கைல தெரியாது, அதனால தினமும் ராத்திரி ஆப்ல கணக்கைப் பாருங்க. மதுபான பேக்கேஜ் ஒருத்தர் எடுத்தா அதே ரூம்ல இருக்கற மத்த பெரியவங்களும் எடுக்கணும்னு வெச்சிருக்காங்க, அம்மாவுக்கு எதுக்குங்க அது. தண்ணி, டீ, காபி, காலைல ஜூஸ் இதெல்லாம் சும்மா.

சாப்பாட்டைப் பத்தித்தான் எல்லாரும் கேக்கறாங்க. பயப்பட வேண்டாம். பஃபேல பருப்பு, சப்பாத்தி, ஏதாவது ஒரு கறி இருந்துச்சு, வெள்ளைச் சாதமும் தயிரும் இருந்ததால அம்மா கையோட கொண்டுவந்த ஊறுகாய் பாக்கெட்டோட தயிர் சாதம் ரெடி. டைனிங் ரூம்ல முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டர்கிட்ட சைவம்னு சொல்லி வெச்சா மறுநாள்லேருந்து தனியா செஞ்சு கொண்டு வருவாங்க, எங்களுக்கு வந்த பனீர் மெனுல இருந்ததை விட நல்லா இருந்துச்சு. வெங்காயம் பூண்டு கூடாதுன்னா புக்கிங் போடறப்பவே சொல்லிடணும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு கை கழுவுங்க, வாசல்ல சானிடைசர் இருக்கேன்னு விடாதீங்க, கப்பல்ல பரவுற வாந்திபேதிக்குக் காரணமான நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது.

வாந்தின்னதும் ஞாபகம் வருது, கப்பல் ஆடுமா? மலாக்கா ஜலசந்தில ஆட்டம் ரொம்பக் கம்மி, ரெண்டு பக்கமும் நிலம் இருக்கு, கப்பலுக்கும் ஆட்டத்தைக் குறைக்க அடில ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி இருக்கு. அப்படியும் பஸ்ல தலை சுத்தறவங்கன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கிக்கோங்க, தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டா பெருசா பிரயோஜனம் இல்ல.

பினாங்குல கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர்ல, ஜார்ஜ் டவுன் வாசல்லயே நிக்கும். இங்க கப்பல்காரங்க விக்கிற டூர் வேண்டாம், என் கணக்குல வீண் செலவு. இறங்கி நடந்தா கொஞ்ச நேரத்துல லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மகா மாரியம்மன் கோயில், அங்கேருந்து கொஞ்ச தூரத்துல தமிழ் முஸ்லிம் வியாபாரிகளோட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கடைல தமிழ்லயே பேசலாம். அம்மா பூ வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நாசி கண்டார் சாப்பிடாம வந்துடாதீங்க, சாதத்து மேல நாலஞ்சு குழம்பைக் கலந்து ஊத்தற அந்தச் சாப்பாட்டைத் தோள்ல காவடி மாதிரி கம்புல தூக்கி வித்தவங்க நம்ம ஆளுங்கதான்.

புக்கெட் வேற மாதிரி. பெரிய கப்பலுக்கு பத்தோங் கடற்கரைல துறை கிடையாது, கடல்லயே நங்கூரம் போட்டு சின்னப் படகுல கூட்டிட்டுப் போவாங்க. படகுக்கு டோக்கன், டோக்கனுக்கு வரிசை. சீக்கிரம் எழுந்து முதல் படகுல போங்க, இல்லைன்னா பத்தரைக்கு மேல போங்க, நடுவுல போனா மாட்டிக்குவீங்க. இங்க மட்டும் கப்பல் டூர் எடுத்தா தப்பில்ல, ஏன்னா அவங்க டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும், நீங்களா போய் லேட்டானா கிளம்பிடும். நேரத்துல ஒரு பொறி இருக்கு. தாய்லாந்து சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடிட்டிருந்தா, கரைல உங்க போன் 4 காட்டறப்ப கப்பல்ல 5. சில கப்பல் நேரத்தை மாத்தும், சிலது மாத்தாது, இறங்கறப்ப வாசல்ல கேட்டுட்டு ஒரு சாதா கைக்கடிகாரத்துல கப்பல் நேரத்தை வெச்சுக்கோங்க.

கப்பல்லயே இருக்கப் போறீங்கன்னா அதுவும் நல்ல ஐடியாதான். எல்லாரும் இறங்கிட்ட நேரத்துல குளம் காலி, வரிசை இல்ல, மேல தூக்கிட்டுப் போற நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு ஓடற நேரமா இருந்தா அதுக்கும் ஈஸியா இடம் கிடைக்கும்.

கடைசி ராத்திரி பெட்டியில டேக் கட்டி ரூமுக்கு வெளிய வெச்சுடணும், காலைல டெர்மினல்ல எடுத்துக்கலாம். மறுநாள் போட்டுக்கற துணியை முதல்ல எடுத்து வெச்சுட்டு அப்புறம் பெட்டியைக் கட்டுங்க. அப்பா அவர் பேன்ட் எல்லாத்தையும் மடிச்சு ஒழுங்கா பெட்டிக்குள்ள வெச்சு வெளிய தள்ளிட்டு, காலைல லுங்கியோட உக்காந்திருந்தார். என் டிராக் பேன்டைப் போட்டுட்டு இமிக்ரேஷன் வரிசைல நின்னார், கால் ரெண்டு இஞ்ச் குட்டை. அவசரம்னா பெட்டியை வெளிய வைக்காம நீங்களே இழுத்துட்டு முதல் ஆளா இறங்கலாம். எப்படியும் அன்னிக்கு ஃப்ளைட்டை மதியம் 1 மணிக்கு அப்புறமா போட்டுக்கோங்க.