ஏ.டி.சி. கொண்டு மின்னழுத்தம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

12 வோல்ட் ஈய அமில பேட்டரியின் மின்னழுத்தத்தை ஆர்டுயினோ உனோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு அளப்பவர்களில் பலர், திரையில் எண் தாவத் தொடங்கியதும் நிரலில் சராசரி எடுக்கும் வரிகளைச் சேர்த்துவிடுகிறார்கள். எண் அசையாமல் நிற்கிறது. ஆனால் மல்டிமீட்டர் வேறொன்றைக் காட்டுகிறது. பிழை பெரும்பாலும் சுற்றில்தான் இருக்கிறது என்பதால், நிரலைத் தொடுவதற்கு முன் சுற்றைச் சரிபார்ப்பதே முறை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, யூ.எஸ்.பி. வழியாக வருவது மிகச் சரியாக 5 வோல்ட் என்று நம்பிக் கணக்கிடுவது. உனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் 10 பிட் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), உள்ளே வரும் மின்னழுத்தம் ஒப்பீட்டு மின்னழுத்தத்தில் 1024-இல் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்த ஒப்பீடு பலகையின் 5 வோல்ட் வழங்கல்தான். அது 4.75 வோல்ட்டாக இறங்கியிருக்கும்போது, இரண்டு மின்தடைகளால் நான்கில் ஒரு பங்காகக் குறைத்து அளக்கப்படும் 12.60 வோல்ட் பேட்டரி, திரையில் ஏறத்தாழ 13.26 வோல்ட்டாகத் தெரியும். ஓய்வில் இருக்கும் பேட்டரியை, சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதாக நம்ப வைக்கும் பிழை இது. எத்தனை முறை சராசரி எடுத்தாலும் இது குறையாது.

இதற்குத் தீர்வு சில்லின் உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீடு. அதுவும் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை மாறக்கூடும் என்றாலும், ஒரே சில்லில் பெரிதாக அலைவதில்லை. ஆகவே அதைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த மின்னழுத்தம் தெரியும் ஏரெஃப் (AREF) முனையில் மல்டிமீட்டரால் அளந்து, கிடைத்த மதிப்பை நிரலில் எழுதினால் போதும். ஒப்பீட்டை மாற்றியவுடன் வரும் முதல் அளவீட்டைத் தள்ளிவிட வேண்டும். மின்னழுத்தத்தைப் பிரிக்க 150 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளைப் பயன்படுத்தினால், 15 வோல்ட்கூட 0.94 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

பேட்டரி வீணாகக் கூடாது என்று 3 மெகா ஓம், 1 மெகா ஓம் போன்ற மிகப் பெரிய மின்தடைகளைப் போடுவது அடுத்த தவறு. ஏ.டி.சி. ஒவ்வொரு முறையும் தன்னுள் இருக்கும் 14 பைக்கோ ஃபாரட் மின்தேக்கியை நிரப்பியே அளக்கிறது. ஆர்டுயினோவின் வழக்கமான வேகத்தில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 12 மைக்ரோ நொடிதான். மூல மின்தடை, அதாவது ஏ.டி.சி. முனைக்கு முன்னால் உள்ள சுற்றின் மின்தடை, 10 கிலோ ஓம் அளவிலோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது என்று சில்லின் தரவுத்தாள் சொல்வது இதனால்தான். 3 மெகா ஓமும் 1 மெகா ஓமும் சேர்ந்து தரும் 750 கிலோ ஓம் மூல மின்தடை வழியே மின்தேக்கி முழுதாக நிரம்பாது. முன்பு படித்த முனையின் மதிப்பு அடுத்ததில் கலந்துவிடும். நொடிக்குச் சில முறை மட்டும் அளக்கும்போது, ஏ.டி.சி. முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நேனோ ஃபாரட் மின்தேக்கி வைத்தால் இது தீரும்; ஏ.டி.சி. முனை வழியே கசியும் சிறு மின்னோட்டத்தால் வரும் பிழை தீராது. எனவே சிறிய மின்தடைகளையே நான் பரிந்துரைப்பேன்.

கிரவுண்ட் கம்பியைப் பலரும் கவனிப்பதில்லை. அதே பேட்டரியில் ஓடும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும் 70 மில்லி ஆம்பியர், பலகையும் பகிர்ந்துகொள்ளும் 0.1 ஓம் மின்தடை கொண்ட பொதுக் கம்பி வழியே பேட்டரிக்குத் திரும்பினால், பலகையின் கிரவுண்ட் 7 மில்லிவோல்ட் உயரும். 10 கிலோ ஓம் மின்தடையின் கீழ்முனை பேட்டரியின் எதிர்முனையில் இணைந்திருந்தால், அந்த 7 மில்லிவோல்ட் 16 மடங்காகப் பெருகி, 112 மில்லிவோல்ட் பிழையாகிவிடும். அதே முனையைப் பலகையின் கிரவுண்டிலேயே இணைத்தால் பிழை 7 மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். ரிலேவுக்குத் தனிக் கம்பி இழுத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இவற்றைச் சரிசெய்த பிறகுதான் சராசரிக்கு வேலை இருக்கிறது. அப்போதும் பத்து அளவீடு, இருபது அளவீடு என்று ஏதோ ஒரு எண்ணிக்கையை எடுக்காமல், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒரு சுற்று முடிக்கும் 20 மில்லி நொடிக்கோ அதன் முழு மடங்குகளுக்கோ சீரான இடைவெளியில் அளந்து சராசரி எடுத்தால், மேலும் கீழுமாக ஏறி இறங்கும் அந்த இரைச்சல் தன்னைத் தானே கழித்துக்கொள்ளும்.