பொம்பெயில் வெத்தியுஸ் வீட்டைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த, இத்தாலியின் பொம்பெய் நகரில், சுவரோவியங்களுக்காகவே போகவேண்டிய வீடு வெத்தியுஸ்களுடையது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023 ஜனவரியில் திறந்தது.

முதல் தவறு ரயிலிலேயே நடந்துவிடும். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ தடத்தில் வந்து 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' நிலையத்தில் இறங்குங்கள். வெறும் 'பொம்பெய்' என்ற பலகையை நம்பி இறங்கினால் இன்றைய ஊருக்குள் போய் நிற்பீர்கள். 2024 நவம்பர் முதல் பழைய நகருக்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், ஆகவே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். வீடுகளை முறைவைத்து மூடுவதும் உண்டு; கிளம்பும் முன் அன்றைய பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

மன்றம் (நகரின் பொதுச் சதுக்கம்), குளியற்கூடம் எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் இங்கே வராதீர்கள். அதற்குள் வாசலில் வரிசை நின்றுவிடும். கதவு திறந்ததும் நேரே இங்கே நடந்துவிடுவதே நல்லது.

உள்ளே பலரும் வளத்தின் கடவுளான பிரியாபஸ் படத்தைப் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நடுக்கூடத்தின் இருபுறமும் உள்ள பணப்பெட்டிகளைக் கவனியுங்கள்: அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் செல்வரான வெத்தியுஸ்கள் இருவர், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தவை அவை. இன்னொரு இழப்பு மன்மதக் குழந்தைகள் அறையில். பார்வை பெரிய சிவப்புப் பரப்புகளுக்கே போகும். அவற்றுக்குக் கீழே ஓடும் ஒடுங்கிய கரும்பட்டையில்தான் அந்தச் சிறகு முளைத்த குழந்தைகள் வாசனைத் தைலம் செய்கிறார்கள், பொன் வேலை பார்க்கிறார்கள், மாலை விற்கிறார்கள். அறை வாசலிலேயே உங்களை நிறுத்திவிட்டால் சிறிய தொலைநோக்கி கைகொடுக்கும்.

சுவரைத் தொடவே கூடாது. ஈரச் சுண்ணாம்பில் பூசிய நிறம் அது. மேலே இருப்பது மெல்லிய சுண்ணப்படலம். விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் அதில் ஊறும். முதுகுப்பை உரசினால் நிறம் பொடியாய் உதிரும். குறுகலான இடங்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பொம்பெயில் சிவப்பெல்லாம் ஓவியர் பூசிய சிவப்பு என்று எண்ணுவதும் தவறு. எரிமலையின் வெப்பத்தில் மஞ்சள் காவி சிவந்துபோன சுவர்களும் உண்டு. சிவப்புக்கு நடுவே திட்டுத் திட்டாய் மஞ்சள் தென்பட்டால், அந்தச் சுவரின் பழைய நிறம் அதுதானா என்று நின்று பாருங்கள்.