டோரி மேல ஏறி அந்த நடுத்தீவு ஸ்டாரை எடுக்கறது எப்படி

சூப்பர் மாரியோ 64 வீடியோ கேம் ஆடறவங்க நிறைய பேர் ஹேஸி மேஸ் கேவ்ங்கற குகை லெவலுக்கு வந்ததும் ஏரியில நீந்துற அந்த நீல மிருகத்தைப் பாத்து பயந்து ஒதுங்கிடறாங்க, ஆனா அது ஒண்ணுமே பண்ணாது. அது பேரு டோரி, ஜப்பான்ல டோஸ்ஸினு சொல்லுவாங்க. ஏரிக்கரையில இருக்குற போர்டை நின்னு படிச்சாலே விஷயம் புரிஞ்சிடும், இங்க ஒரு சாதுவான கடல் டிராகன் இருக்கு, முதுகுல ஓங்கி இடிச்சா தலையைத் தாழ்த்தும்னு அதுலயே இருக்கு. கடைசி வரில அதுக்கு சாப்பாடு ஆயிடாதேனு வேற போட்டிருப்பாங்க, அதை நம்பாதீங்க, அது யாரையும் கடிச்சதே இல்ல.

முதல்ல அங்க போகணும். 8 ஸ்டார் சேத்து வில்லன் பவுசரை முதல் தடவை ஜெயிச்சாதான் கோட்டையோட பேஸ்மென்ட் சாவி வரும், அங்க கருப்பா மினுங்கற குளத்துல குதிச்சா இந்த கோர்ஸ், அதாவது இந்த லெவல். உள்ள போனதும் பெரிய கல்லு உருண்டு வர்ற பாதை இருக்கே அந்தப் பக்கம் போகணும். வழியில பள்ளம் வந்தா ஓடிக்கிட்டே இசட் பட்டனை அமுக்கி உடனே ஏ பட்டனை அமுக்குங்க, லாங் ஜம்ப்ல தாண்டிடலாம். உருளற கல்லெல்லாம் தாண்டினதும் எலிவேட்டர் இருக்கும், இறங்கினா ஏரி.

ஏரி நடுவுல ஒரு தீவு, அதுலதான் இந்த கோர்ஸோட முதல் ஸ்டார். நீந்திப் போய் ஏறிடலாம்னு பாக்காதீங்க, தண்ணிக்கும் மேட்டுக்கும் உயரம் ரொம்ப ஜாஸ்தி. அதுக்குத்தான் டோரி.

டோரி வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும், பக்கத்துல வர்றப்ப நீந்திப்போய் முதுகுல ஏறிடுங்க. இப்ப முக்கியமான விஷயம், இதை யாரும் சொல்லித் தராததாலதான் பாதி பேர் கஷ்டப்படறாங்க. மாரியோ எந்தப் பக்கம் பாத்து நிக்கிறானோ டோரி அந்தப் பக்கம்தான் நீந்தும். முதுகுல நின்னுக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடினீங்கன்னா அதுவும் பாவம் கூடவே திரும்பித் திரும்பி எங்கயும் போய்ச் சேராது. அதனால தீவைப் பாத்து ஸ்டிக்கை லேசா தட்டி மாரியோவைத் திருப்பிட்டு கையை எடுத்துடுங்க, அசையாம நில்லுங்க, அது மெதுவா வளைஞ்சு அந்தப் பக்கம் வரும். நான் முதல் தடவை ஆடினப்ப இந்த பொறுமை இல்லாமதான் அரைமணி நேரம் போச்சு, அசையாம நின்ன அடுத்த நிமிஷம் தீவுகிட்ட இருந்தேன்.

தலை தீவுக்கு நேரா, கிட்ட வந்தாச்சா? இப்பதான் இடிக்கணும். நின்ன இடத்துலயே ஏ அமுக்கி நேரா மேல குதிச்சு காத்துல இசட் அமுக்குங்க, அதுதான் கிரவுண்ட் பவுண்ட் (நின்டெண்டோ ஸ்விட்ச்ல 3டி ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்புல இதை ஆடறவங்களுக்கு இசட்எல்). ஓடிக்கிட்டே குதிச்சா தண்ணில போய் விழுவீங்க. இடி சரியா விழுந்தா டோரி கழுத்தைத் தாழ்த்தும், ரொம்ப நேரம் அப்படியே வச்சிருக்காது, அதனால உடனே கழுத்து வழியா ஓடி தலைமேல போய் நின்னுடுங்க. நின்னதும் அதுவே தூக்கும். தூக்கி முடிக்கற வரைக்கும் காத்திருந்து தீவு பக்கம் குதிங்க, ஸ்டார் உங்களுது. தலை கொஞ்சம் தள்ளி நின்னா குதிக்காதீங்க, திரும்ப முதுகுக்கு வந்து இன்னும் கிட்ட ஓட்டிக்கிட்டு வாங்க.

தண்ணில விழுந்தா பதறவேண்டாம், மேல்பரப்புல தலையைக் காட்டினாலே உயிர் மீட்டர் திரும்ப நிறைஞ்சிடும். அடுத்த சுத்துல டோரி வரும்போது ஏறிக்கலாம்.

2017ல வந்த சூப்பர் மாரியோ ஒடிஸி கேம்ல லேக் கிங்டம்ங்கற இடத்துலயும் டோரி இருக்கு, அங்க இது சுலபம், அது முதுகுல ஏறினாலே ஒரு பவர் மூன் (அந்த கேம்ல ஸ்டாருக்குப் பதிலா சேக்கறது) கிடைக்கும். எனக்கு அது பழைய ஃப்ரெண்டைத் திரும்பப் பாத்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பிளெஸ்ஸியையும் டோரியையும் ஒண்ணுனு நினைச்சுக்காதீங்க, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பிளெஸ்ஸியும் மாரியோ ஏறிப் போற ஒரு நீர் மிருகம்தான், ஆனா ஆரஞ்சு கலர், 2013ல வந்த சூப்பர் மாரியோ 3டி வேர்ல்டு கேம்லதான் முதல்ல வந்துச்சு, 2021ல வந்த பவுசர்ஸ் ஃப்யூரி கேம்லயும் இருக்கு. அதை இடிக்கவே வேண்டாம், ஏறி உக்காந்து ஸ்டிக்கால நேரா ஓட்டலாம், குதிக்கவும் வைக்கலாம், டோரிகிட்ட காட்டின பொறுமை அங்க தேவையே இல்ல, நல்லா வேகமா ஓட்டுங்க.