பெயர் மறந்துவிட்டதா? கேட்டுவிடுங்கள்

எதிரே சிரித்தபடி வருபவரின் முகம் நன்றாகத் தெரிகிறது. பெயர்தான் நினைவுக்கு வரவில்லை. கேட்டால் மனம் புண்படுமே என்று பலரும் கடைசிவரை சமாளிக்கிறார்கள். கேட்பதுதான் மரியாதை, தெரிந்ததுபோல் நடிப்பதுதான் அவமதிப்பு என்பேன்.

பெயர் மறப்பதை அக்கறையின்மை என்று எண்ணிவிடக் கூடாது. 1987இல் பிரிட்டன் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது எளிதில் நினைவில் நின்றது. ஒருவருடைய பெயராகச் சொன்னபோது நழுவியது. ஆங்கிலத்தில் ‘பேக்கர்’ என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும், ஒருவரின் பெயராகவும் வரும். ‘ரொட்டி சுடுபவர்’ என்றதும் மாவு, அடுப்பு, மணம் என்று மனத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. வெறும் பெயருக்கு அது கிடைப்பதில்லை.

நினைவில் இருப்பதை முதலில் சொல்லுங்கள். “போன முறை உங்கள் மகளின் தேர்வைப் பற்றிப் பேசினோம். உங்கள் பெயர் மட்டும் மறந்துவிட்டது, சொல்லுங்களேன்.” இப்படிக் கேட்டு யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஒருமுறை ஒருவருடன் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு இன்னொருவர் வந்து சேர்ந்தார். அறிமுகம் செய்ய வாயெடுத்தேன், பெயர் வரவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்தவரே தன் பெயரைச் சொல்லிக்கொண்டார். அப்போது அவர் குரல் தாழ்ந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

“நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று பிறரைச் சோதிக்காதீர்கள், குறிப்பாக முதியவர்களை. அருகில் போனதும் நம் பெயரை நாமே சொல்லிவிட்டால், அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!