திருச்சி ரயில் அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்க வேண்டும்

திருச்சி ஜங்ஷனில் இறங்கினால் ரயில் அருங்காட்சியகம் பக்கம்தான், ரயில்வே கல்யாண மண்டபத்தை ஒட்டி. திங்கட்கிழமை போக வேண்டாம், அன்று விடுமுறை. மற்ற நாட்களில் வெயில் ஏறுவதற்குள் வெளியே நிற்கும் நீராவி எஞ்சின்களைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் போட்டோ எடுத்து முடிக்கட்டும். அப்புறம் சிக்னல் சாமான்கள் பக்கம் போய் நிதானமாக நில்லுங்கள்.

எந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது டோக்கன் கருவியைத்தான். அப்பா மெயின் லைனில், அகலப் பாதை வருவதற்கு முந்தைய மீட்டர் கேஜ் காலத்தில், பாயிண்ட்ஸ்மேன், அதாவது ஸ்டேஷனில் தடம் மாற்றிவிடும் ஊழியர். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது இல்லையா? அதற்காகப் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களின் கருவிகளைக் கம்பியால் இணைத்திருப்பார்கள். டோக்கன் என்பது ஒரு இரும்புப் பந்து. ஒரு கருவியிலிருந்து அதை எடுத்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு கருவிக்குள் விழும்வரை இரண்டிலும் அடுத்த பந்து வராது. அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம்.

நிற்காமல் போகும் வண்டிக்கு? பந்தைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஓடும் வண்டியிலிருந்து வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார். மழையானாலும் நள்ளிரவானாலும் இதே வேலைதான். வளையம் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள், ஒரு கை நுழையும் இடம் எவ்வளவு என்று.

சரி, அங்கேயே முடித்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோ பிடித்துப் பொன்மலைக்குப் போங்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்கூடக் கட்டிய இடம். பணிமனைக்குள் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள், பரவாயில்லை. சங்கத்திடலுக்குப் போங்கள். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர்விட்ட இடம் அது. ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிற்சங்கத்தார் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். முடிந்தால் அந்தத் தேதியிலேயே போங்கள்.

இன்னொன்று: தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் கூட அழைத்துப் போங்கள். அப்பாவை ஒருமுறை அழைத்துப் போனேன். டோக்கன் கருவி முன்னால் ஒன்றும் பேசவில்லை. வலது கையை மட்டும் மெல்ல உயர்த்தி, வளையம் பிடிக்கும் உயரத்தில் நிறுத்தி, "இந்த அளவுதான்" என்றார்.